மீன் பெஞ்சு

எனக்கு வயது இருபத்தாறு. பணி ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதும் இந்தப் பத்திரிகைப் பகுதியில் என் கட்டுரையைக் கண்டு சிரிப்பவர்கள், சிரித்து முடித்துவிட்டுப் படிக்கலாம். தியாகராய நகரில் நான் பாட்டு டீச்சராக இருந்த பெண்கள் பள்ளியில், கல்யாணமான ஆசிரியை வேலையில் நீடிக்கக் கூடாது என்பது விதி. எனக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. மாசியில் கழுத்தில் மாலையைப் போட்டு, கையில் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதே பள்ளியில் சித்திரம் சொல்லித்தரும் மாஸ்டருக்கும் சமஸ்கிருதப் பண்டிதருக்கும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் அந்த விதி ஏன் இல்லை என்று தாளாளரைக் கேட்டேன்.

"அவா குடும்பஸ்தாம்மா" என்றார்.

நான் மட்டும் என்ன, சந்நியாசம் வாங்கிக்கொண்டா போகிறேன்?

ஆனால் நான் இப்போது பேனாவை எடுத்தது அந்தக் கோபத்தால் அல்ல. அந்தக் கோபத்துக்கு வேறொரு நாள் இருக்கிறது. இது அதைவிடப் பழைய கோபம். ஆறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் ஒரு பெண் அடையாற்றில் எங்கள் வீட்டுக்கு வந்து அதைக் கிளறிவிட்டாள். நான் படித்த அதே பல்கலைக்கழகப் பயிற்சி வகுப்பில், பள்ளி இசையாசிரியை ஆவதற்காக இப்போது படித்துக்கொண்டிருப்பவள். அவள் பெயரைப் பின்னால் சொல்கிறேன். அவள் சொன்னதை முதலில் சொல்கிறேன்.

"டீச்சர், எங்க கிளாஸ்ல உங்க கதையைச் சொல்றாரு."

"யாரு?"

"சுருதி சார்தான். உங்க பேரைச் சொல்லாம சொல்றாரு. முன்னாடி ஒரு ஸ்டூடன்ட் இருந்தாளாம். பாடத் தெரியாத பொண்ணுங்களை வாயை மட்டும் அசைக்கச் சொல்லிப் பரீட்சையில உக்கார வச்சாளாம். எக்ஸாமினர் பிடிச்சுட்டாராம். ஃபெயிலாம். 'அந்த அம்மணி மாதிரி அசட்டுத்தனமா மாட்டிக்காதீங்கோ'ன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. ஒவ்வொரு பாட்சுக்கும் சொல்வாராம்."

நடந்தது இதற்கு நேர் எதிரானது. அது அவருக்குத் தெரியும். ஏனென்றால் அவர் அந்த அறையில் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் இன்னும் பதவியில் இருப்பதால் பெயரை எழுதப் போவதில்லை; 'சுருதி சார்' என்பது மாணவிகள் வைத்த பட்டப்பெயர். ஆனால் நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாக எழுதப் போகிறேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யுத்தக் காலம். மயிலாப்பூரிலிருந்து டிராமில் போய், மிச்சத் தூரத்தைக் கடற்காற்றில் புடவையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பல்கலைக்கழகம். இருட்டடிப்புக்கு முன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று அப்பா. காலையில் வாய்ப்பாட்டும் வீணையும், மத்தியானம் நாதவியல், பிறகு குழந்தைகளின் மனத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு விரிவுரை. நாதவியல் எனக்கு மிகவும் பிடித்த பாடம். கம்பியை எவ்வளவு இழுத்தால் எந்தச் சுரம் வரும், குரல்வளை எப்படி அதிர்கிறது, பையனுக்கும் பெண்ணுக்கும் எந்த வயதில் குரல் எப்படி மாறும் என்பதெல்லாம் கணக்காக இருந்தது. கணக்காக இருந்தால் எனக்குப் புரியும்.

சுருதி சார் எங்களுக்குப் போதனா முறை சொல்லிக்கொடுத்தவர். அதாவது, பள்ளி வகுப்பில் பாட்டை எப்படிச் சொல்லித்தருவது என்ற பாடம். மடிப்பு கலையாத வெள்ளை ஜிப்பா. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எங்களை 'அம்மணி' என்றும் 'நீங்கள்' என்றும்தான் அழைப்பார். வருகைப் பதிவை அவர் எடுக்கும் விதம் வேறெந்த வகுப்பிலும் இல்லாதது. பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லக் கூடாது. ஆர்மோனியத்தை அவர் தொடுவதற்கு முன்பே, நினைவிலிருந்து ஆதார சுரமான ஸட்ஜத்தைப் பாட வேண்டும். பிறகு அவர் கட்டையை அழுத்திக் காட்டுவார். சரியாக இருந்தால் தலையசைப்பார். தப்பாக இருந்தால், கையில் வைத்திருக்கும் இசைக்கவையை மேஜைமேல் சத்தமில்லாமல் படுக்கவைப்பார். இரண்டு கால் உள்ள எஃகுத் துண்டு அது, தட்டினால் ஒரே சுரத்தைச் சொல்லும். அதை அவர் படுக்கவைக்கும் விதத்தில் மனிதருக்கு வெட்கம் வந்துவிடும். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிச் சுருதியைச் சொல்வது எங்கள் வழக்கம். எண் ஏற ஏறச் சுருதி உயரும். சார் எங்களுக்கு விதித்தது ஆறரைக் கட்டை. எங்களுக்கு மட்டுமல்ல, நாங்கள் பாடம் நடத்தப் போகும் எல்லாப் பெண்குழந்தைகளுக்கும் ஆறரைதான். உயரமான சுருதி. அதில் முப்பது சிறுமிகள் சேர்ந்து பாடினால் வெள்ளி மணி மாதிரி இருக்கும் என்பார். வெள்ளி மணி மாதிரிதான் இருந்தது. யாருடைய குரல் அந்த உயரத்துக்கு எட்டவில்லையோ, அவர்களை என்ன செய்வது?

அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

பயிற்சியின் முடிவில் செய்முறைத் தேர்வு உண்டு. ஒரு பள்ளியில், ஒரு வகுப்பில், தேர்வாளர் முன்னிலையில், அந்த வகுப்பு முன்பு கேட்டிராத ஒரு பாட்டை ஒரே பீரியடில் சொல்லித்தர வேண்டும். மார்க்கின் பெரும்பகுதி, வகுப்பு ஒரே குரலாக ஒலிக்கிறதா என்பதற்கு. ஆகவே தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பே அந்த வகுப்பை எங்களிடம் ஒப்படைப்பார்கள். முதல் நாள் நாங்கள் செய்ய வேண்டியது இது: எல்லாரையும் பாடச் சொல்லிவிட்டு, பெஞ்சு பெஞ்சாகப் போய், ஒவ்வொரு பெண்ணின் வாயருகே குனிந்து காதை வைக்க வேண்டும். சுருதி சேராத பெண்ணின் தோளைத் தொட வேண்டும். அவ்வளவுதான். தொடப்பட்ட பெண் எழுந்து கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட வேண்டும். அன்று முதல் அவள் பாடக் கூடாது. வாயை மட்டும் அசைக்கலாம். பாடாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் பார்ப்பவருக்கு அசிங்கமாக இருக்குமாம்.

இது எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எனக்குக் கிடைத்தது சாந்தோம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி. முதல் நாள் வகுப்புக்குள் போனதும், அங்கே கடைசிப் பெஞ்சு ஏற்கெனவே தயாராக இருந்தது. வகுப்பு லீடர் பெண் எழுந்து எனக்கு அறிமுகம் செய்துவைத்தாள்.

"அது மீன் பெஞ்சு டீச்சர். அவங்களை நீங்க பார்க்க வேணாம்."

"ஏன் மீன்?"

லீடர் வாயை 'ஓ' என்று திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டினாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. யாரோ ஒருத்தி, "மீனு, தண்ணி வேணுமா?" என்று பின்னால் திரும்பிக் கேட்டாள். கடைசிப் பெஞ்சில் சிலரும் சிரித்தார்கள். ஒரு பெண் சிரிக்கவில்லை.

அவள் பெயர் பிலோமினா. சாந்தோம் கோயில் பக்கத்திலேயே வீடு. அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். உயரமான பெண். நான் பழக்கமான ஒரு பாட்டைப் பாடச் சொல்லிவிட்டு அவளைக் கவனித்தேன். அவ்வளவு நேர்த்தியாக வாயசைத்து நான் பார்த்ததில்லை. எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே வாங்கினாள். முன்வரிசை தாளத்தில் ஓடியபோது, அவள் விரல் மட்டும் முழங்காலில் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது. பாட்டு முழுவதும் அவளுக்குள்ளே இருந்தது. வெளியில்தான் வரவில்லை.

வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவுக்கும் இது தெரிந்திருந்தது. "அந்த ஒசரமா கீதே, அந்தப் பொண்ணு, வருசக்கணக்கா வாயைத் தொறந்துகினு மூடிகினு உக்காந்துகினு கீதும்மா. சினிமாக்காரிங்ககூட இவ்ளோ நல்லா வாயசைக்க மாட்டாளுங்க" என்றாள். அந்த நேரத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

மணியடித்த பிறகு பிலோமினாவை மட்டும் நிற்கச் சொன்னேன்.

"ஒரு தடவை பாடிக் காட்டு."

"எனக்குக் குரல் இல்ல டீச்சர்."

"யாரு சொன்னா?"

"தொட்டாங்க."

"எப்போ?"

"சின்னக் கிளாஸ்ல. அப்போ வந்த டீச்சர்."

"அதுக்கப்புறம் வந்தவங்க?"

அவள் யோசித்தாள். "அவங்க எங்களைக் கேக்கலையே. நாங்க அங்கேயே உக்காந்திருந்தோம்."

இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு வந்த யாரோ ஒருத்தி, என்னைப் போன்ற ஒரு பெண், தேர்வு பயத்தில் ஒரு குழந்தையின் தோளைத் தொட்டாள். அடுத்து வந்தவள் அந்தப் பெஞ்சைத் தயாராகக் கண்டு நிம்மதி அடைந்தாள். அதற்கடுத்தவளும் அப்படியே. ஒரு தொடுதலை இத்தனை பேரும் மறுபடி சோதிக்காமலே கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நாதவியல் பாடத்தில் ஒரு கம்பியின் நீளத்தைக்கூட இரண்டு தரம் அளக்காமல் எழுதினால் மார்க் போகும்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அந்த வருஷத்தோடு அந்த வகுப்புப் பெண்கள் விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். சங்கீதம் எடுக்கலாம், அல்லது தையல். தலைமையாசிரியை விஷயத்தைச் சுலபமாக்கியிருந்தார்: மீன் பெஞ்சில் இருப்பவர்கள் தையல்.

"உனக்கு எது வேணும்?" என்று பிலோமினாவைக் கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தபடி, "தையல் நல்லாத்தான் வரும் டீச்சர்" என்றாள். நான் கேட்டது அது இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் நான் மீன் பெஞ்சை மட்டும் வகுப்பு முடிந்ததும் மரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஆர்மோனியத்தில் ஒரு சுரத்தைக் கொடுத்து 'இதைப் பாடு' என்றால் பயந்த குழந்தை தப்பாகத்தான் பாடும். எனவே சுரத்தை நான் கொடுக்கவில்லை, அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, வீட்டில் தம்பியையோ தங்கையையோ எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படிக் கூப்பிடச் சொன்னேன். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கையில் என் இசைக்கவை.

"டேய் சவரீ! சாப்ட வாடா!"

மைதானம் முழுக்கக் கேட்டது. கனமான, பிசிறில்லாத குரல். திரும்பாமலே அது பிலோமினா என்று தெரிந்தது. அந்த அழைப்பின் நீண்ட முடிவு எங்கே போய் நிற்கிறது என்று இசைக்கவையைத் தட்டி ஒப்பிட்டுப் பார்த்தேன். நாலு கட்டை. மறுபடி கூப்பிடச் சொன்னேன். மறுபடியும் நாலு. அந்தச் சுருதியிலேயே முதல் நாள் பாட்டை நான் மெல்ல ஆரம்பித்தேன். பாட்டில் ஓரடி போன பிறகு அவள் சேர்ந்துகொண்டாள். ஒரு சுரம் பிசகவில்லை. ஆறரைக் கட்டையில் பாடச் சொன்னால் அவள் உச்சஸ்தாயியில் கீழே விழுவாள். விழாமல் என்ன செய்வாள்? அவள் குரல் தணிந்த குரல். நாலு அவளுக்குச் சொந்தம், ஐந்து வரைக்கும் தாராளமாக வருவாள்.

மற்றவர்களையும் அப்படியே பார்த்தேன். பெரும்பாலோருக்கு அதே குறைதான், அதாவது குறையே இல்லை. ஒருத்திக்கு வலது காது சரியாகக் கேட்காது; இடம் மாற்றி உட்கார வைத்தால் போதும். ஒருத்திக்கு மட்டும் உண்மையிலேயே சுரம் பிடிபடவில்லை. அவளுக்கு நாள் பிடிக்கும் என்று தோன்றியது. ஆனால் பாட்டு வகுப்பு பிறகு யாருக்காக இருக்கிறது? வீட்டிலேயே பாட்டு வரும் குழந்தைகளுக்காகவா?

என்னோடு டிராமில் வரும் விசாலம், அவளும் எங்கள் வகுப்புதான், நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி உனக்கு இந்த வம்பெல்லாம்? ஆறரையில ரெண்டு பாட்டைச் சொல்லிக் குடுத்துட்டு, சர்ட்டிபிகேட்டை வாங்கிண்டு, பேசாம ஆத்துக்கு வருவியா! நான் என் கிளாஸ்ல பத்துப் பேரைத் தொட்டேன். கை வலிக்கறது."

"அந்தப் பத்துப் பேர்?"

"நன்னா வாயசைக்கறா, ஒரு குறைவும் இல்லே."

அவள் கெட்டவள் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள்.

சாரிடம் போய் முறையாகவே கேட்டேன். என் வகுப்புக்குச் சுருதியை ஐந்துக்கு இறக்க அனுமதி வேண்டும். காரணங்கள் இவை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. நான் வாசிப்பதைக் கேட்டார்.

"அம்மணி, ஐந்தில் பாடினால் பஜனை கோஷ்டி மாதிரி இருக்கும்."

"ஆனா எல்லாரும் பாடுவாங்க சார்."

"எல்லாரும் பாட வேண்டும் என்று யார் கேட்டார்கள்? கேட்க நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே கேட்கிறார்கள்." சிரித்தார். "உங்கள் இரக்கத்துக்கு மார்க் கிடையாது, அம்மணி."

"இது இரக்கம் இல்ல சார். நாதவியல்."

அவர் இசைக்கவையை மேஜைமேல் படுக்கவைத்தார். "தேர்வு அன்று ஆர்மோனியத்தில் உட்காரப் போவது நான்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. பயிற்சி மாணவிக்குச் சுருதி கொடுக்க அவளுடைய போதகர் உட்காருவது வழக்கம். நான் திரும்பிப் போய் என் வகுப்பிடம் சொன்னேன்: "அன்னிக்கு ஆர்மோனியம் எதைச் சொன்னாலும் சரி, நீங்க என் குரலைப் பிடிங்க." மீன் பெஞ்சை எடுத்துவிட்டு எல்லாரையும் கலந்து உட்கார வைத்தேன். லீடர் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை. பிலோமினாவின் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு, "டீச்சர், இவ பக்கத்துல இருந்தா எனக்கு ஈசியா இருக்குது, சுருதி விடாம இருக்கா" என்று அவளே வந்து சொன்னாள்.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் வெளியூர்க்காரர், வயதானவர், சாந்தமான முகம். சார் ஆர்மோனியத்தின் மேல் துணியை மடித்து வைத்துவிட்டு, ஆறரைக் கட்டையை அழுத்தினார். நான் அவரைப் பார்த்து, "இந்த வகுப்புக்குச் சுருதி ஐந்து சார்" என்றேன். அவர் விரலை எடுக்கவில்லை. துருத்தியை ஒரே சீராக அசைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

நான் ஐந்தில் ஸட்ஜத்தை எடுத்தேன். வகுப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. அடியில் ஆறரை, மேலே ஐந்து. இரண்டும் சேர்ந்து பல்லைக் கூசவைக்கும் ஓர் ஓசை எழுந்தது. தேர்வாளர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"என்னம்மா இது, ரெண்டு சுருதி?"

"ஐயா, இந்தப் பிள்ளைகளுக்கு ஐந்துதான் ஒத்துவரும். ஆர்மோனியம் இல்லாமலே பாடுவாங்க."

அவர் சாரைப் பார்த்துக் கையமர்த்தினார். சார் மெதுவாகத் துருத்தியை மூடி, துணியை விரித்து, நான்கு ஓரங்களையும் சரிசெய்தார்.

பாட்டு தோட்டத்தைப் பற்றிய சிறிய பாட்டு, நான்கே அடி. முதலடியைப் பாடிக் காட்டினேன். பாடினார்கள். இரண்டாவது அடிக்கு வந்தபோது, ஆர்மோனியம் இல்லாத அந்த அறையில், அடியில் ஒரு குரல் தரை போட்டது போல் நின்றது. பிலோமினா. மற்றவர்கள் அதன்மேல் ஏறி நடந்தார்கள். தேர்வாளர் தலையை ஆட்டினார். எழுதப் பேனாவைத் திறந்தார். என் பயிற்சியில் அதுவரை நான் கேட்காத ஒன்று அன்று எனக்குக் கேட்டது: ஒரு வகுப்பு முழுவதும் பாடும் சத்தம்.

பிறகு தேர்வாளர் நாற்காலியை விட்டு எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே வந்தார். அவரும் அந்தக் காலத்து முறையில் பழகியவர். முதல் பெண்ணின் வாயருகே குனிந்து காதை வைத்தார். சரி என்று தலையசைத்தார். அடுத்தவள். அடுத்தவள். பிலோமினாவிடம் வந்தார். குனிந்தார்.

குரல் நின்றது.

அவள் வாய் நிற்கவில்லை. அதே நேர்த்தியோடு, சொல்லுக்குச் சொல் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. குனிகிற காதுக்குப் பின்னால் தோளைத் தொடும் கை வரும் என்று அந்தக் குழந்தைக்கு வருஷக்கணக்காகப் பழக்கியிருந்தார்கள். தேர்வாளர் நகர்ந்து, முன்பு மீன் பெஞ்சில் இருந்த இன்னொருத்தியிடம் போனார். அவளும் நிறுத்தினாள். அடுத்தவளும். அடியில் இருந்த தரை போய்விட்டது, பாட்டு சரிந்தது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

"வாயசைக்கவா சொல்லிக் குடுத்தீங்க?"

"இல்லை ஐயா. நீங்க கொஞ்சம் தள்ளிப் போய், சுவர்ப் பக்கம் திரும்பி நின்னு கேளுங்க. பாடுவாங்க."

"தேர்வாளரைத் திரும்பி நிக்கச் சொல்றீங்களா?"

நான் சாரைப் பார்த்தேன். அந்த வகுப்பில் நான் என்ன செய்தேன், எதை மறுத்தேன் என்பது உலகத்தில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும் என்றால் அது அவருக்குத்தான். ஒரு வாக்கியம் போதும். 'இந்தப் பெண் அந்த வழக்கத்தை எதிர்த்தவள்' என்று சொன்னால் போதும். அவர் ஆர்மோனியத்தின் மேல் துணியில் இல்லாத ஒரு சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

ரகசியமாக எல்லாரும் செய்வது, வெளியில் தெரிந்தால் குற்றம். தேர்வாளர் எழுதிக்கொண்டார். தோல்வி.

அவர்கள் போன பிறகு கரும்பலகையைத் துடைத்தேன். சாக்குக்கட்டிகளை நீளவாரியாக அடுக்கினேன். பெஞ்சுகளை நேராக்கினேன். கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது, எதையாவது ஒழுங்கு செய்யும். பிலோமினா கதவருகே நின்றிருந்தாள்.

"டீச்சர், அவரு குனிஞ்சாரு. தொண்டை தானா மூடிக்கிச்சு."

"தெரியும்."

"உங்களுக்கு ஃபெயிலா?"

"ஆமாம்."

"என்னாலயா?"

"இல்லை" என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

அவளைத் தையலில் போட்டார்கள். நான் ஒரு வருஷம் காத்திருந்து, வேறொரு பள்ளியில், வேறொரு தேர்வாளர் முன்னிலையில், ஐந்து கட்டையில்தான் பாடவைத்துத் தேறினேன். அந்த முறை சுருதி கொடுத்தவர் வேறு போதகர். கேட்டதும் விரலை மாற்றிக்கொண்டார். அவ்வளவு எளிய காரியம் அது. இடையில் கிடைத்த வருஷம் வீணாகவில்லை. பள்ளி விட்டதும் பிலோமினா சாந்தோமிலிருந்து எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு நடந்து வருவாள். நான் வேலைக்குப் போன பிறகும் வந்தாள். அவள் பாடும்போது நான் எதிரே உட்காருவதில்லை. அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டு கேட்பேன். அங்கிருந்தே திருத்துவேன். பள்ளியில் தையலும் வீட்டில் பாட்டுமாகப் படித்து, அரசாங்க இசைத் தேர்வைத் தனியாக எழுதித் தேறினாள்.

தியாகராய நகர்ப் பள்ளியில் நான் வேலை செய்த காலம் முழுவதும் ஒரு குழந்தையின் வாயருகே நான் குனிந்ததில்லை. தனியாகக் கேட்க வேண்டுமென்றால் அறையின் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றுகொள்வேன். பாட்டு டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துகிறாள் என்று தாளாளரிடம் புகார் போனது. போகட்டும். எங்கள் பள்ளி ஆண்டு விழாப் பாட்டு வெள்ளி மணி மாதிரி இருந்ததில்லை. வாய் திறந்த எல்லாரிடமிருந்தும் சத்தம் வந்தது.

போன வாரம் அடையாற்று வீட்டுக்கு வந்தவள் பிலோமினாதான். பயிற்சி வகுப்பில் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. சார் என் கதையைச் சொல்லிச் சிரித்த அன்று அவள் எழுந்து நின்றாளாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"'சார், அந்த டீச்சர் எங்களை வாயசைக்கச் சொல்லல'ன்னேன். 'உங்களுக்கு எப்படித் தெரியும் அம்மணி'ன்னாரு. 'நான்தான் சார் அந்தப் பொண்ணு'ன்னேன். கிளாஸே திரும்பிப் பாத்துச்சு டீச்சர்."

"அவர் என்ன சொன்னார்?"

"இசைக்கவையை மேஜைமேல படுக்கவச்சாரு. அப்புறம், 'அப்படியானால் அன்றைக்கு ஏன் பாடவில்லை'ன்னு கேட்டாரு. 'எக்ஸாமினர் குனிஞ்சாரு சார். எங்க ஸ்கூல்ல யாரு குனிஞ்சாலும் அடுத்தது தோள்ல கைதான்'ன்னேன். 'சரி, இப்போது பாடுங்கள், பார்க்கலாம்'ன்னு ஆர்மோனியத்துல ஆறரையை அழுத்தி, கட்டை எழும்பாம இருக்க மரத்துண்டைச் சொருகி, பக்கத்துப் பொண்ணைத் துருத்தி போடச் சொல்லிட்டு, எழுந்து என்கிட்ட வந்தாரு டீச்சர்."

"வந்து?"

"குனிஞ்சாரு. காதை இங்க வச்சாரு." தன் வாய்க்கு எதிரே உள்ளங்கையைப் பிடித்துக் காட்டினாள்.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அதே தோட்டப் பாட்டு" என்றாள் பிலோமினா. "நாலு கட்டையில. அந்தக் காதுக்குள்ளேயே பாடினேன், சவரியைக் கூப்பிடற மாதிரி. அவரு காதைத் தேய்ச்சுக்கிட்டே போய் நாற்காலியில உக்காந்துட்டாரு. ஆர்மோனியம் பாட்டுக்கு ஆறரையில கத்திக்கிட்டே இருந்துச்சு. நான் நிறுத்தல டீச்சர். நாலு அடியையும் பாடி முடிச்சுட்டுத்தான் உக்காந்தேன்."